தாடைக்குக் கீழே

“உனக்கு முட்டியைப் பத்தி ஏதாவது தெரியுமா?”

மூன்றரை வருஷம் போனிலேயே காதலித்து, வேலையை விட்டு, அப்பாவிடம் சண்டை போட்டு, இரண்டு பெட்டியோடு கடல் தாண்டி வந்து இறங்கியவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதுவும் விமான நிலையத்துக் கார் நிறுத்துமிடத்தில், இரண்டாவது பெட்டி டிக்கிக்குள் பாதி நுழைந்தும் நுழையாமலும் இருந்தபோது கேட்டான்.

“யார் முட்டி?”

“அம்மா முட்டி.”

“உங்கம்மா ஊர்லதானே இருக்காங்க?”

“இங்க வந்திருக்காங்க. பத்தாம் தேதி கிளம்பியிருக்கணும். நீ வர்றதுக்குள்ள போயிடுவாங்கன்னுதான் உன்கிட்ட சொல்லல. கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது திடீர்னு முட்டி வலி. அவ்வளவு நேரம் காலை மடக்கி விமானத்துல உட்கார முடியாதுன்னு டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுட்டாங்க.”

அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “என்னைப் பத்தி சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் மூன்றரை வருஷமாகக் காத்திருந்தாள். முகம் மலர வாயைத் திறந்தாள். அவன் பெட்டியை அமுக்கிக்கொண்டே மீதியைச் சொன்னான்.

“முட்டிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவாங்கன்னு சொல்லியிருக்கேன். அது நீதான்.”

மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

அவள் பல் செய்பவள். பல் வைத்தியர் அல்ல. வைத்தியர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் செதுக்கி, பீங்கானில் சுட்டு, இழந்த பல்லை இழந்தவருக்கே அடையாளம் தெரியாதபடி செய்து தருகிற ஆய்வுக்கூடத்தில் வேலை. மனித வாய்க்குள் அவளுக்குத் தெரியாத சந்து பொந்து கிடையாது. தாடைக்குக் கீழே கழுத்து என்று ஒன்று உண்டு என்பதோடு அவள் படிப்பு முடிந்துவிட்டது. பல்லோடு மல்லுக்கட்டுபவள் என்பதால் அவன் அவளுக்கு வைத்த பெயர் பல்லி.

அவள் அவனுக்கு வைத்த பெயர் நெட்டை. ஆறடி இரண்டு அங்குலம். பாலங்களில் விரிசல் தேடும் பொறியாளன். நூறடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்ப்பான், பயம் கிடையாது. அம்மாவுக்கு எதிரில் மட்டும் நான்கடியாகிவிடுவான்.

“ஏன் நெட்டை? ‘இவதான் அந்தப் பொண்ணு’ன்னு அஞ்சு வார்த்தை சொல்ல முடியாதா?” அவள் எண்ணிப் பார்த்தாள். மூன்று வார்த்தைதான் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“எடுத்த எடுப்புல சொன்னா அம்மா பேசறதை நிறுத்திடுவாங்க. முதல்ல உன்னைப் பிடிக்கட்டும். நீ வா, முட்டியைப் பிடி. உன்னைப் பிடிச்சதும் நானே சொல்லிடறேன். ரெண்டு நாள். ரெண்டே நாள்.”

அவளுக்கு அவகாசம் அதைவிட அதிகமாக இருந்தது. ஆனால் ரொம்ப அதிகமில்லை. இந்த நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது, அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். அப்பா அதற்கு ஒத்துக்கொண்டதே ஒரு நிபந்தனையோடுதான். “அந்தப் பையன் வீட்டுலேருந்து பெரியவங்க யாராவது எனக்கு ஒரு போன் பண்ணணும். இந்த மாசத்துக்குள்ள. பண்ணலன்னா அதுக்குப் பேரு காதல் இல்ல, உல்லாசப் பயணம். பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடு” என்று சொல்லியிருந்தார். அன்று தேதி பதினாலு.

அவன் வீட்டில் தங்கப் போகிறோம் என்று திரைச்சீலைத் துணிகூட வாங்கி வந்திருந்தவள், அன்று பெண்கள் விடுதி ஒன்றின் நான்கு கட்டில் அறையில், மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு ‘முழங்கால் வலி – பத்து எளிய பயிற்சிகள்’ என்ற வீடியோவை மூன்று முறை பார்த்தாள்.

* * *

அவன் வீடு மூன்றாவது மாடி. கூடத்தில் ஒரு பழுப்பு சோபா, ஜன்னலோரம் துணி காயும் கம்பிச் சட்டம், அதில் வரிசையாகக் காலுறைகள். சோபாவில் இடது காலை ஒரு தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவன் அம்மா உட்கார்ந்திருந்தார்.

தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் கவுண்டரில் இருந்தவர். உறையைப் பிரிக்காமலே உள்ளே நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்லிவிடுவார் என்று பெயர். அவர் நிமிர்ந்து பார்த்ததும் அவளுக்குத் தன் நெற்றியில் விலாசம் எழுதியிருப்பது போலக் கூசியது.

“வாங்க டாக்டரம்மா. சின்னப் பொண்ணா இருக்கீங்களே.”

“பார்த்தா அப்படித் தெரியும்” என்றாள் அவள்.

தரையில் மண்டியிட்டு முட்டியைத் தொட்டாள். அது மூடிய பெட்டி மாதிரி இருந்தது. ஈறு இல்லை, வேர் இல்லை, எங்கிருந்து தொடங்குவது? கை தானாகவே பழகியதைச் செய்தது. விரல் கணுவால் லேசாகத் தட்டிப் பார்த்தாள். வாயும் தானாகவே பழகியதைக் கேட்டது.

“சூடா ஏதாவது பட்டா கூசுதா?”

“முட்டியிலயா?”

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நெட்டை அங்கேதான் ஒளிந்துகொண்டிருந்தான்.

“இல்ல... ஜில்லுன்னு பட்டா?” தப்பு செய்கிறோம் என்று தெரிந்தும் வண்டி நிற்கவில்லை. “ஏதாவது கடிக்கும்போது...”

அம்மா புருவத்தை உயர்த்தினார்.

“அதாவது, வலி வந்து, கடிக்கிற மாதிரி இருக்குதான்னு கேட்டேன்.”

அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

“கடிக்கிற மாதிரியேதான் இருக்கு. எப்படிக் கண்டுபிடிச்சே?” என்றார். வாங்க போங்க போய்விட்டது.

தப்பித்தோம் என்று அவள் மெழுகை வழிக்கிற மாதிரி கட்டைவிரலால் முட்டியைச் சுற்றி இருபது நிமிஷம் வழித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

“நல்ல கைராசிம்மா உனக்கு. தினமும் வந்துடு.”

வாசல்வரை வந்த நெட்டையின் காதில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “பிடிச்சுப் போச்சு. சொல்லிடு.”

“இப்பதானே பிடிச்சிருக்கு. கொஞ்சம் ஊறட்டும். ரெண்டு நாள்.”

* * *

ஐந்து நாள் போயிற்று. வீடியோக்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. விடுதி அறையில் கீழ்க் கட்டில்காரியின் முட்டியைக் கடன் வாங்கிப் பழகினாள். அந்தப் பெண் இரண்டாம் நாளே வேறு அறை கேட்டுப் போய்விட்டாள்.

இப்படியே போனால் மாட்டிக்கொள்வோம் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முட்டி சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டால்? டாக்டரம்மா வேஷம் முடியும். அம்மா ஊருக்குக் கிளம்பினாலும் கிளம்பட்டும், அதற்குமுன் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் நெட்டைக்கு வரும்.

“எழுபது சதவீதம் குணமாயிடுச்சும்மா. இனிமே நான் வரவேண்டிய அவசியமே இல்ல” என்றாள், முடிந்தவரை கம்பீரமாக.

“அப்படியா? சந்தோஷம்” என்றார் அம்மா. “மீதி முப்பதையும் முடிச்சிடலாம். நாளையிலேருந்து சாயங்காலமும் வா.”

ஒரு வேளை இரண்டு வேளையாயிற்று.

அடுத்த நாள் காலை போனபோது சோபாவில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். தரைத்தளத்தில் குடியிருப்பவர். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் கப்பல்காரர். நாலு மாதமாக வலது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லையாம்.

“உன் கைராசியைப் பத்தி படிக்கட்டுல சொன்னேன். உடனே வந்துட்டார்” என்றார் அம்மா.

தோள் தாடைக்கு ரொம்பப் பக்கம்தான், ஆனாலும் கீழேதான். அப்போது ஒரு யோசனை மின்னியது. இவரிடம் வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று வைத்தியம் செய்தால் என்ன? ‘இந்தப் பொண்ணு சரியில்ல’ என்று அவரே போய்ப் புகார் சொல்வார். தன்னை நிறுத்திவிடுவார்கள்.

கப்பல்காரரின் கையைப் பிடித்து, கெட்டிப்பட்ட அச்சிலிருந்து பல் செட்டைப் பிடுங்குவதுபோல ஒரு திருகு திருகினாள்.

‘டக்’ என்று ஒரு சத்தம். அறையில் மூன்று பேரும் அசையவில்லை. அவள் மனசுக்குள் போலீஸ், கோர்ட், நாடு கடத்தல் எல்லாம் வரிசையாக ஓடின.

கப்பல்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். தோள்வரை போயிற்று. காதுவரை போயிற்று. தலைக்கு மேலே போய், விட்டத்தைப் பார்த்து நின்றது.

“அம்மா தாயே” என்றார் அவர். கண்ணில் தண்ணீர்.

கெடுக்கப் போய்க் குணமாகிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டடத்தில் கழுத்து, இடுப்பு, கணுக்கால் என்று ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். ஐந்து பேரையும் “இந்த முட்டி முடிஞ்சதும் பார்க்கறேன்” என்று சொல்லித்தான் அவள் தப்ப முடிந்தது. அதனால் இப்போது முட்டி முடியக்கூடாது என்றும் ஆகிவிட்டது.

* * *

இருபத்தாறாம் தேதி காலையில் அவள் உடம்புதான் அங்கே இருந்தது, மனசு இல்லை. முந்தின நாள் அப்பா போனில் இரண்டே வார்த்தைதான் கேட்டிருந்தார்: “இன்னும் இல்லியா?” அதையே நினைத்துக்கொண்டு முட்டியை வழித்துக்கொண்டிருந்தவள், கொஞ்சம் அழுத்தினாள்.

“ஆ” என்று அம்மா முகத்தைச் சுளித்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். கையில் இருந்தது வலது முட்டி.

வந்த நாளாக வலி இடது முட்டியில். வலதில் ஒன்றுமே இருந்ததில்லை. இப்போது அதிலும் வலி. ஒரு பல்லைத் தப்பாக ராவினால் பக்கத்துப் பல் ஆடிப்போகும் என்பது அவள் தொழிலில் பாலபாடம். பன்னிரண்டு நாள் கண்டபடி வழித்து, ஒரு முட்டி வலியை இரண்டு முட்டி வலியாக்கிவிட்டாள்.

“என்னம்மா, முகம் வெளிறிப் போச்சு?” என்றார் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா.”

“உட்காரு. உன்கிட்ட ஒரு விஷயம் கேட்கணும்.” குரலைத் தாழ்த்தினார். நெட்டை வேலைக்குப் போய்விட்டிருந்தான், வீட்டில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் தாழ்த்தினார். “என் பையன் மனசுல ஒரு பொண்ணு இருக்கா.”

அவள் துண்டை மடித்தாள். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“குளியலறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு போன்ல பேசறான். கேட்டா ஆபீஸ் கால்ங்கறான். எந்த ஆபீஸ்ல ‘சாப்பிட்டியா’ன்னு கேட்பாங்க? நீ வெளியில நாலு பேரைப் பார்க்கிற பொண்ணு. விசாரிச்சுச் சொல்லேன். அந்தப் பொண்ணு எப்படிப்பட்டவ?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“சும்மா ஒரு யூகம் சொல்லேன்.”

“நல்ல பொண்ணாத்தான் இருப்பா” என்றாள் அவள்.

“எனக்கு அதுலதான் சந்தேகம். நல்ல பொண்ணா இருக்கலாம். புத்தி இருக்கான்னு தெரியல. வாயத் திறக்காத ஒரு ஆம்பளையை நம்பி வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன பேரு வைக்கறது, நீயே சொல்லு.”

இருபத்து மூன்று நிமிஷப் பேருந்துப் பயணத்தில் இதே கேள்வியைத்தான் அவளும் தினமும் ஜன்னல் கண்ணாடியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பிடித்தாள்.

“எனக்கு ஒண்ணு சொல்லு நெட்டை. உன் ஊர்ல ரெண்டு நாளுக்கு எத்தனை நாள்?”

“பல்லி, கொஞ்சம் பொறுமையா...”

“பன்னெண்டு நாளா நான் உங்கம்மா காலைப் பிடிக்கறேன். நிஜமாவே பிடிக்கறேன். இன்னும் நீ வாயைத் திறக்கல. போன்ல மணிக்கணக்காப் பேசினே. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தப்ப உன் குரல் கேட்டுச்சு. பக்கத்துல வந்தப்புறம் கேட்கவே இல்லை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு பேருந்து அட்டவணையைப் படித்தான்.

“அப்பா போயிட்ட வருஷத்துல அம்மா என்கிட்ட ஆறு மாசம் பேசல” என்றான் கடைசியில். “கோபம்னு இல்ல. பேசல, அவ்வளவுதான். அந்த வீட்டுல நானும் அவங்களும் மட்டும். அது திரும்ப வந்துடுமோன்னு பயம்.”

அவளுக்கு அதற்குமேல் கத்த முடியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை.

“முப்பதாம் தேதி வரைக்கும்தான். அன்னிக்கும் சொல்லலன்னா, நான் ஒண்ணாம் தேதி வேலையில சேர மாட்டேன். திரும்பிப் போயிடுவேன். உங்கம்மாவுக்கு வேற பிசியோ பாரு.”

பேருந்து வந்தது. அவள் ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்து, மூன்றாவது இருக்கைக்குள்ளேயே திரும்பிப் பார்த்துவிட்டாள். அவன் இன்னும் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

* * *

முப்பதாம் தேதி காலை பத்து மணிவரை அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நதிப் பாலத்தில் வேலை என்று விடியுமுன் போய்விட்டானாம்.

அவள் முடிவு செய்துவிட்டாள். அம்மாவிடம், “இன்னியோட கடைசிம்மா. நாளையிலேருந்து என்னால வர முடியாது” என்றாள்.

“ஏன்?”

“ஊருக்குத் திரும்பிப் போறேன்.”

அம்மா சட்டென்று காலைத் தலையணையிலிருந்து இறக்கினார். “திடீர்னு என்ன? இன்னும் முப்பது சதவீதம் பாக்கி இருக்கே.”

“அது தானா சரியாயிடும். தினமும் மாடிப்படி ஏறி இறங்குங்க போதும். வாங்க, எப்படின்னு காட்டித் தரேன்.” எந்த வீடியோவிலோ பார்த்தது. எதையாவது முறையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அம்மாவுக்கு ஏதோ கணக்குப் போடுகிற முகம். தரைத்தளத்துக்கு மூன்று படி இருக்கும்போது, “ஐயோ” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்னம்மா?”

“காலு அசைய மாட்டேங்குது. நீ எங்கயும் போகாதே.”

அவளுக்கு உயிரே போய்விட்டது. சத்தம் கேட்டுக் கப்பல்காரர் வெளியே வந்தார். நெட்டைக்கு அவள் போன் செய்தாள், எடுக்கவில்லை. “அம்மா விழுந்துட்டாங்க. தெருமுனை பிசியோ கிளினிக்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தி அனுப்பினாள்.

“தெருமுனை கிளினிக்கா? வேண்டாம்” என்றார் அம்மா. “நீ இருக்கும்போது வேற யாரோ எதுக்கு? ரெண்டு நாள் படுத்திருந்தா சரியாயிடும். நீ பக்கத்துல இருந்தா போதும்.”

இன்னொரு ரெண்டு நாள். அந்தக் குடும்பத்துக்கே அது வியாதி போலிருக்கிறது.

“இல்லம்மா, போயே ஆகணும்.”

கப்பல்காரர் உள்ளே போய்த் தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். சக்கர நாற்காலி என்றால் கம்ப்யூட்டர் மேசைக்குப் போடுகிற, கீழே ஐந்து சின்னச் சக்கரம் வைத்த நாற்காலி. குணமான கையாலேயே அம்மாவைத் தூக்கி அதில் வைத்தார். அவள் பின்னாலிருந்து தள்ள, அவர் முன்னாலிருந்து இழுக்க, நடைபாதையில் ஊர்வலம் கிளம்பியது. நாற்காலி நேராகப் போகிற ஜாதி அல்ல. ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு சுற்றுச் சுற்றி, அம்மாவைத் தெருவின் எல்லாத் திசைகளுக்கும் காட்டியது.

“வேண்டாம்மா, நிறுத்து. வலி போயிடுச்சு” என்றார் அம்மா, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு.

“போயிடுச்சா?”

“சுத்தமா இல்ல. வீட்டுக்குப் போகலாம்.”

அதைக் கேட்டதும் அவள் ஓடவே ஆரம்பித்தாள். விண் விண் என்று தெறித்துக்கொண்டிருந்த பல் வலி திடீரென்று நின்றால் நல்ல செய்தி அல்ல. உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். பல்லுக்கு அப்படியென்றால் காலுக்கு?

* * *

கிளினிக்கில் நான்கு நாற்காலிகள், சுவரில் எலும்புக்கூட்டுப் படம், உள்ளே போகும் ஒரு மூடிய கதவு. “பிசியோ உள்ளே இன்னொருத்தரைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் இதை நிரப்புங்க” என்று கவுண்டர் பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். கப்பல்காரர் நாற்காலிக்குக் காவலாக வாசலிலேயே நின்றுகொண்டார்.

நோயாளி வயது. விலாசம். எந்த இடத்தில் வலி. எல்லாம் எழுதினாள். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

‘உடன் வந்தவர், நோயாளிக்கு என்ன உறவு?’

பதினாறு நாளாகச் சொன்ன பொய்யைப் பேனாவால் எழுத வேண்டும் என்றதும் கை மறுத்துவிட்டது. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நான் டாக்டர் இல்லம்மா.”

அம்மா திரும்பிப் பார்த்தார்.

“பிசியோவும் இல்ல. பல் செய்றவ. முட்டியில எத்தனை எலும்புன்னுகூட எனக்குத் தெரியாது. உங்க பையன் குளியலறையில ஒளிஞ்சு பேசற பொண்ணு நான்தான். உங்களுக்குப் பிடிச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தோம். அதுக்குள்ள உங்க காலை நானே கெடுத்துட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொள்ள கை வரவில்லை. “என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அவன்கிட்ட மட்டும் பேசாம இருந்துடாதீங்க. அவன் அதைத் தாங்க மாட்டான்.”

அம்மாவின் முகத்தில் என்னவோ அசைந்தது. எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அவன் சொன்னானா, நான் பேசாம இருந்ததை?”

“சொன்னான்.”

“அப்போ எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலம்மா. அவன் அதை இவ்வளவு நாள் வச்சிருப்பான்னு நினைக்கல” என்றார் அம்மா மெதுவாக.

கதவைத் தள்ளிக்கொண்டு நெட்டை ஓடி வந்தான். மஞ்சள் பாதுகாப்புச் சட்டை, தலையில் ஹெல்மெட், இடுப்பில் தொங்கும் கயிறு. மூச்சு வாங்கியது. அம்மாவின் காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், யாரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றான்.

அம்மா அவள் மடியிலிருந்த படிவத்தை எடுத்து அவனிடம் நீட்டினார்.

“கூட வந்தவங்க என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. இவளுக்கு எழுதத் தெரியல. நீ எழுது.”

அவன் படிவத்தை வாங்கினான். அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். மாதக் கடைசி, பகல் பதினொன்றேகால். பேனா படிவத்துக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றினான். கொஞ்சம் நிமிர்ந்தான்.

“மருமகன்னு எழுதணும்மா” என்றான். உடனே பதறினான். “நான் மருமகன் இல்ல. இவ. மருமகள். உனக்கு. மூன்றரை வருஷமா.”

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“எழுது. எழுதிட்டு, இவங்கப்பா நம்பரை என் போன்ல போட்டுக் குடு. குளியலறைத் தண்ணிச் சத்தத்தைத் தாண்டி, இவ வர்ற தேதியிலேருந்து எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. பொண்ணைப் பெத்தவர் காத்துக்கிட்டு இருப்பார்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனாலும் பயம் முழுக்கப் போகவில்லை. இத்தனை நல்லவரின் இரண்டு முட்டியையும் கெடுத்துவிட்டோமே என்று அவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, “இப்ப காலை அசைக்க முடியுதாம்மா?” என்று கேட்டாள்.

அம்மா ஏனோ அவசரமாக, “முதல்ல வீட்டுக்குப் போகலாம், வாங்க” என்று எழுந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து உள்கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பிசியோ வெளியே வந்து, அம்மாவைப் பார்த்ததும் முகம் நிறையச் சிரித்தார்.

“அட, நீங்களாம்மா? முட்டி வலிக்காரங்க எப்படி நடப்பாங்க, எப்படி உட்காருவாங்கன்னு மாச ஆரம்பத்துல வந்து ஒரு மணி நேரம் கத்துக்கிட்டுப் போனீங்களே, உங்க நாடகம் நல்லபடியா முடிஞ்சுதா?”